டைப்படித்தது நான், வாசித்தது தேவசகாயம்

டைப்படிக்கிறவனுக்குப் பத்து விரல் வேண்டும், அபிப்பிராயம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே தமிழ் மிஷின் வைத்துப் பிழைத்த நான் அந்தப் பாடத்தில் தோற்றவன். இதே தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஆறு நோட்டுகள்

ஆந்திர ராஜ்யம் தனியானதும் எனக்கு வந்ததெல்லாம் 'எங்கள் ஊரைச் சென்னையோடு சேர்க்கவும்' என்ற மனுக்கள்தான். அவற்றுக்கு நடுவே திருப்பதியிலிருந்து ஒரு குமாஸ்தா ஆறு நோட்டுகளோடு வந்தார். நாவலாம். ராகவன், சுந்தரம் என்று இரண்டு குமாஸ்தாக்கள் திருப்பதியில் ஒரே ரூமில் இருக்கிறார்கள். ராஜ்யம் பிரிந்ததும் சுந்தரத்தைச் சென்னைப் பக்கம் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆத்திரத்தில் இருவரும் ரூமுக்கு நடுவே சாக்பீஸால் எல்லை கிழித்து, இட்லிப் பானை யாருக்கு, மூடி யாருக்கு என்று கமிஷன் நடத்துகிறார்கள். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அவர்கள் வெறும் சிநேகிதர்கள் இல்லை என்று போகப் போகத் தெரிந்தது. முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணத்துக்குச் சாக்கு சொல்லியே ஓட்டிய நான், என்னைப் பற்றி ஒருவர் எழுதியதை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அவர் கேட்டது இரண்டு பிரதி. நான் மிஷினில் மூன்று தாள் வைத்தேன். அடுத்த வாரம் வந்தவரிடம், "நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லா இல்லாட்டியும் பரவாயில்லீங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார்.

அந்தப் பக்கம்

அடித்ததை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் நோட்டைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் டைப்படித்த தாளைப் பார்த்து வருவார். வாசிப்பது எங்கள் கடை தேவசகாயம். மனுவுக்குக் காத்திருப்பவர்கள் காதிலும் அது விழும். நகரிப் பக்கத்து விவசாயி முனிரத்தினம், இட்லிப் பானைத் தகராறில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். மனு கைக்கு வந்த பிறகும் மறுநாள் பஸ் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வாசித்தது திருப்பதி மலையேறும் அலிபிரிப் படிக்கட்டுக் கட்டம். மூச்சு வாங்க உட்கார்ந்த சுந்தரம், 'எனக்கு எந்த ராஜ்யமும் வேண்டாம், நீ இருக்கிற ரூம் போதும்' என்று ராகவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். 'சொந்தபந்தத்தைவிட்டு எங்களைப் பிரிக்காதீர்கள்' என்று மனு கொடுத்த முனிரத்தினம் எழுந்து நின்றார்.

"அதுவரிக்கும் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு சாமி. அந்தப் பக்கத்த மட்டும் வுட்டுட்டு மேல படி."

தேவசகாயத்தின் வாய்

மறுநாள் தேவசகாயம் சுந்தரத்தைச் சுந்தரி என்று வாசிக்க ஆரம்பித்தான். தாள் என் கையில் இருக்கிறது. விடுவேனா? ஒரே பக்கத்தில் ஒன்பது தடவை நிறுத்தினேன். சர்ச்சில் பாட்டு நடத்துகிற தன் வாயால் இதை எப்படிச் சொல்வது என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலைக் கேஸ் வாக்குமூலத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும்போது அந்த வாய் எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

"அது நடந்துபோனது அண்ணா. இது நமக்குத் தெரிஞ்ச யாருக்காவது நடந்துக்கினு இருக்குமோன்னு பயமா இருக்குது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எழுதியவரே

எல்லாரையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது எழுதியவர் மீதுதான். சுந்தரத்தைப் பெண்ணாக மாற்றினால் அச்சடிப்பதாக மதராஸில் ஒருவர் சொன்னாராம். குமாஸ்தா என்னிடம் வந்து, அப்படி மாற்றி முழுக்கத் திரும்ப அடித்துத் தரச் சொன்னார். ஒரு எழுத்து மாறக் கூடாது என்ற அதே வாய். நான் அடிக்கமாட்டேன், இது நீங்கள் எழுதியதுதான், ஆனால் உங்களுடையது மட்டும் இல்லை என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு பிரதிகளையும் நிதானமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

"நெசமான சுந்தரம் சைதாப்பேட்டையில இருக்காருங்க, என் கடுதாசிக்குப் பதில் போடறதில்ல. அச்சானா வாங்கிப் படிப்பாரு. யாரைச் சொல்றேன்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

வேறு எவனோ அடித்துக்கொடுத்தான்.

முனிரத்தினத்தின் புகார்

இரண்டு வருஷம் கழித்து முனிரத்தினம் வந்தார். அவர் மனு பலிக்கவில்லை, ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கையில் மனு இல்லை, அச்சான புத்தகம் இருந்தது. அதை என் மிஷின்மேல் போட்டார்.

"இன்னா சாமி இது? இட்லிப் பான கீது, ரூம்பு கீது. சுந்தரின்னு எவளோ ஒருத்தி வந்துகினு கீறா. நம்ம சுந்தரம் எங்க?"

அந்தப் பக்கத்தை விடச் சொன்னதே நீங்கள்தானே என்று எரிந்து விழுந்தேன்.

"சொன்னது நெசந்தான். அதுக்குன்னு ஆளையே தூக்கிடறதா?"

மேஜை டிராயரைத் திறந்து மூன்றாவது பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

என் தொழிலுக்குத் துரோகமாக நான் வைத்துக்கொண்ட ஒரே பிரதி அது. நகரிக்குப் போனது இன்னும் திரும்பவில்லை, கேட்டால், 'அந்தப் பக்கத்தை இன்னொருத்தர் படிச்சிக்கினு இருக்காரு' என்கிறார் முனிரத்தினம்.