கடலில்லாத ஊரில் ஒரு நங்கூரம்

என் கணவர் கடற்படையில் வேலை பார்த்தது, டாங்கிகளையும் வீரர்களையும் நேராகக் கரையிலேயே கொண்டுபோய் இறக்கும் கப்பலில். அதை உடைத்தே பல வருஷமாகிவிட்டது. அவர் பேச்சு மட்டும் ஓயவில்லை. “கரையேறும் முன்னாடி பின்பக்கம் நங்கூரம் போட்டுடுவோம். அந்த வடத்தை இழுத்துத்தான் கப்பல் மறுபடி கடலுக்குத் திரும்பும்” என்பார். எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மழைக்காலத்தில் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு அண்டர்பாஸில் தண்ணீர் நிறைந்து, கார் ஒன்று சிக்கிக்கொண்டது. உள்ளே ஒரு பெண் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவரோ எங்கள் காரிலிருந்த கயிற்றை மேலே கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“அங்க ஒரு உயிர் போகுது, உங்களுக்கு முடிச்சு ஒண்ணுதான் கேடா?” என்று கத்தினேன்.

அவர் மறுமுனையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினார். ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்த நொடியில், வெள்ளம் இருவரையும் புரட்டியது. தலைகள் மறைந்தன. கயிறு மட்டும் விறைத்து நின்றது. “எளீரி, எளீரி!” என்று யாரோ கன்னடத்தில் கத்த, நானும் ஆட்டோக்காரர்களும் பிடித்து இழுத்தோம்.

இருவரும் இருமிக்கொண்டே மேலே வந்தார்கள்.

இப்போது யாராவது வீட்டுக்கு வந்தால், அந்தக் கப்பல் கதையை நான்தான் ஆரம்பிக்கிறேன். நங்கூரம் வரும் இடத்தில் என் உள்ளங்கை எரிகிறது.