நானூறு வயது விடுதியும் ஒரு சாடிக் கிரேவியும்

பத்து வருடம் மாடாய் உழைத்ததற்கு முதலாளி எனக்கு ஒரு கடித உறை தந்தார். லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், நாட்டுப்புறத்து விடுதி ஒன்றில், இரண்டு பேர் ஒரு நாள் தங்கிச் சாப்பிடுவதற்கான சீட்டு அதற்குள் இருந்தது. சம்பளத்தைக் கூட்டியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில் நாங்கள் இருந்த பிளேஸ்டோவிலிருந்து நானும் மனைவியும் ரயிலேறிப் போனோம். விடுதிக்கு நானூறு வயதாம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்கவில்லை, நிலை மரத்தின் வயதைச் சொன்னாள். ஏதோ ஒரு ராசா வேட்டைக்கு வந்தபோது எங்கள் அறையில்தான் படுத்தாராம். அவருக்குப் பிறகு மெத்தையை மாற்றவில்லை என்பது படுத்துப் பார்த்ததும் விளங்கியது. பிளேஸ்டோவில் சுவர் ஈரம் ஊறினால் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுவோம். இங்கே அதே ஈரத்துக்குப் பெயர் சரித்திரம்.

மனைவிக்கு ஒரே தம்பி. கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தவனை ஒரு காலையில் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவன் திரும்பி வரும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று இவள் நேர்ந்துகொண்டாள். மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், இரண்டு வருடமாக முட்டைகூடத் தொடவில்லை. அதனால் நான் முன்கூட்டியே போன் பண்ணி மரக்கறிச் சாப்பாடு கேட்டிருந்தேன். பிரச்சினையே இல்லை என்றார்கள்.

அவர்களுக்கு எப்படிப் பிரச்சினை இருக்கும்? தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டால் மிச்சம் மரக்கறிச் சாப்பாடுதானே! அவித்த கரட், அவித்த முட்டைக்கோவா, அவித்த உருளைக்கிழங்கு. நானூறு வருடமாகியும் உப்புப் போடப் பழகவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட பரிமாறுகிறவர், பூசை செய்பவரைப்போல ஒரு வெள்ளிச் சாடியோடு வந்து என் ஆட்டிறைச்சிமேல் கிரேவியை ஊற்றினார். நான் வாயைத் திறப்பதற்குள் அதே சாடியைச் சரித்து அவளுடைய கரட்டின்மேலும் ஊற்றிவிட்டுப் போனார். அவள் நெருப்பு எரியும் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை மச்ச மணம் அடிக்குது. ஒருக்காக் கேளுங்கோவன்."

வேலையில் ஓவர்டைமைக் குறைத்தால் மனேஜரோடு வாய் கிழியச் சண்டை போடுகிறவன் நான். அந்த வெள்ளை மேசைவிரிப்புக்கும், முள்ளுக்கரண்டி சத்தமில்லாமல் சாப்பிட்ட பக்கத்து மேசைக் கிழவர்களுக்கும் முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிப்போனேன். கூப்பிட்டு விசாரித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். அவளுடைய தட்டில் கரண்டியால் தொட்டு நக்கிச் சோதிப்பதாக ஒரு நடிப்பு வேறு. ஆட்டுக் கொழுப்பு நாக்கில் ஒட்டியது.

"இல்லையப்பா, காளான் போட்டுக் காய்ச்சினது. சாப்பிடும்."

அவள் என்னை நம்பினாள். வெள்ளைக்காரர் குறை நினைக்கக்கூடாது என்று கடைசிக் கரட்வரைக்கும் சாப்பிட்டு முடித்தாள். அந்த விடுதியை நான் எவ்வளவு திட்டினாலும், அங்கே இருந்தவர்களில் மிகக் கேவலமானவன் நான்தான்.

ஆண்டுகள் போய்விட்டன. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் இன்னும் மச்சம் தொடுவதில்லை. ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்:

"நான்தான் நேர்த்தியிலை எங்கையோ பிழை விட்டிட்டன் போல கிடக்கு."

"நீர் ஒரு பிழையும் விடேல்லை" என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.