டொரின் ஊர்ப் பள்ளிக்கூடமும் ஸ்காபரோவில் ஒரு தேர்தல் கூட்டமும்

மே மாத நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை டொராண்டோவில் இறங்கினேன். குளிர் போய்விட்டது, தைரியமாக வா என்று எழுதியிருந்த மலர், விமான நிலைய வாசலில் எனக்கென்று ஒரு கம்பளிக் கோட்டோடு நின்றாள்.

"போடடி. குளிரில்லை எண்டு நாங்கள் சொல்லுவம், நீ நம்பக்கூடாது."

மலர் திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள். போரினால் ஊர் திரும்ப முடியாமல் கனடாவுக்கு வந்துவிட்டாள். இப்போது நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் தமிழருக்கு மொழிபெயர்ப்பாளர்.

401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஓடி ஸ்காபரோவில் மலர் வீடு இருக்கும் மோர்னிங்சைட் பகுதிக்குச் சேர்ந்தோம். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியிருந்தது. ஒலிபெருக்கி இல்லை, சுவரெழுத்து இல்லை. வீட்டு முன் புல்தரைகளில் வேட்பாளர் பெயர் எழுதிய சின்னச் சின்னப் பலகைகள், அவ்வளவுதான். தேர்தல் நடப்பதே தெரியாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்குப் பின்னேரம், இங்க பக்கத்தில மில்லிக்கனில ஒரு எலக்சன் மீற்றிங். நான்தான் ட்ரான்ஸ்லேற் பண்ணவேணும். வாறியோ?" என்றாள் மலர்.

"வர்றேன். சாப்பிட ஏதாவது கிடைக்குமா?"

"இறைச்சி வைச்சுப் பொரிச்ச ரோல்ஸ் இருக்கும்."

சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு டொரின் சுடச்சுட ஒரு தட்டு ரொட்டியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கனடாவின் ஆதிக்குடிகளில் ஒன்றான ஓஜிப்வே இனத்தவர். மலரின் தேங்காய்ச் சம்பலைத் தன் ரொட்டிமேல் தாராளமாக அள்ளிவைத்துச் சாப்பிட்டபடி எனக்குத் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். சுப்பீரியர் ஏரிக்கும் வடக்கே, காரில் ஒரு முழுப் பகல் ஓட்டம். அங்கே பள்ளிக்கூடச் சுவரெல்லாம் பூஞ்சை. பிள்ளைகளில் பாதிப் பேர் தகரக் கூண்டு வகுப்புகளில் படிக்கிறார்கள். புதுப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் தள்ளிப்போடுகிறது. இன்றைய கூட்டத்தில் வேட்பாளரிடம் அதைக் கேட்கப் போகிறார்.

கூட்டம் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வேட்பாளர் நின்றார். பக்கத்தில் ஒலிவாங்கியோடு மலர். வந்திருந்தவர்களில் முக்கால்வாசி தமிழர். ஊரில் மாட்டிக்கொண்ட பெற்றோரை எப்போது கனடாவுக்கு அழைக்கலாம் என்பதே முதல் அரைமணி நேரக் கேள்வி. பிறகு கனகு அண்ணை எழுந்தார். அருகே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மலர் குடும்பம் இந்த ஊருக்கு வந்தபோது தன் வீட்டு நிலவறையில் இரண்டு குளிர்காலம் தங்கவைத்தவர்.

"நாங்கள் ஒரு சூட்கேசோட வந்தனாங்கள். ரெண்டு வேலை செய்து எழும்பினனாங்கள். உந்த நேற்றிவ் ஆக்களுக்கு மட்டும் அரசாங்கம் ஏன் கொட்டிக்கொண்டே இருக்குது? எங்கட டாக்ஸ்தானே?"

அவர் 'நேற்றிவ்' என்றது ஆதிக்குடிகளை. டொரின் முன்வரிசையில் இருந்தார். தமிழ் தெரியாததால் புன்னகை மாறாமல் மலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர் ஒலிவாங்கியை உயர்த்தினாள். மெதுவாக ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள், அந்தக் 'கொட்டிக்கொண்டே'யையும் சேர்த்து. டொரினின் புன்னகை போய்விட்டது.

வேட்பாளருக்கு வசதியாகிவிட்டது. பற்றாக்குறை இருக்கிறது, எல்லோரும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். அது அடங்கும் முன்பே டொரின் எழுந்தார். அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொல்ல, மலர் தமிழாக்கினாள். டொரின் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுவதுபோல எனக்குக் கேட்டது.

"நான் பிச்சை கேட்டு வரேல்லை. எங்கட ஆக்கள் காணியைச் சும்மா விடேல்லை. அரசாங்கத்தோட உடன்படிக்கை செய்தவை. பிள்ளையளைப் படிப்பிக்கிறதும் அதில இருக்கு."

மலர் நிறுத்தினாள். உடன்படிக்கை என்ற சொல் அவளுக்குப் போதவில்லை போலும்.

"ஒப்பந்தம்," என்றாள் திருத்தி. "கையெழுத்து வைச்ச ஒப்பந்தம்."

அங்கிருந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தமிழருக்கு உரிமை தருவதாகக் கொழும்பில் கையெழுத்தாகிப் பிறகு கைவிடப்பட்ட ஒப்பந்தங்களின் கதையோடு வளர்ந்தவர்கள் அவர்கள்.

கனகு அண்ணை இன்னும் உட்காரவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது. "எவ்வளவு காலமாக் காத்திருக்கினம் எண்டு கேள், பிள்ளை."

டொரின் பதில் சொன்னார். மலர் தமிழாக்கினாள். "என்ர தங்கச்சி அங்க அஞ்சாம் வகுப்புப் படிக்கேக்க புதுப் பள்ளிக்கூடம் தாறம் எண்டு சொன்னவை. இப்ப அவ அதே கட்டடத்தில அஞ்சாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறா."

வேட்பாளர் கட்டாயம் ஆலோசிப்பதாகச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் கனகு அண்ணை ஒரு தட்டில் ரோல்ஸ் எடுத்துக்கொண்டு டொரினிடம் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வெரி ஸ்பைசி" என்று எச்சரித்தார். டொரின் ஒன்றை எடுத்து முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, மலர் வீட்டில் இதைவிட உறைப்பு என்றார். அண்ணை சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் மலர் அடுப்படியில் தேநீர் ஊற்றினாள்.

"அவர் எங்களுக்கு இடம் தந்த மனுசன். அவ என்ர பக்கத்து வீடு. கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருந்தால் ரெண்டு பேருக்கும் நல்லவளா இருந்திருப்பன்."

"அப்புறம் ஏன்டி குறைக்கல?"

"பாதிக் கேள்வியைக் குடுத்திருந்தால் அண்ணைக்குப் பாதிப் பதில்தானே கிடைச்சிருக்கும். பாவம், அந்த மனுசன் தெரியாமத்தானே கேட்டது."

அடுத்த நாட்களில் நயாகரா பார்த்தேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பக்கத்து ஊரான அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கிய மலரின் நண்பர்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டேன். ஊர் திரும்பும் நாளில், விமான நிலையம் போகும் முன் மிளகாய்த்தூள் வாங்கவென்று கனகு அண்ணையின் கடையில் இறங்கினோம். டொரினும் வழியனுப்ப வந்திருந்தார்.

"ஒப்பந்தம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் அண்ணை, மலரிடம் குற்றம் சாட்டுவதுபோல. "டாக்ஸ் கூடிப்போச்சு எண்டு நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் உது வேற கதை."

அந்த நேரம் பார்த்து வேட்பாளர் வாக்குக் கேட்டு உள்ளே வந்தார். அண்ணையை அடையாளம் கண்டு கையை நீட்டினார். பெற்றோரை அழைப்பது பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். அண்ணை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சைக் காதில் வாங்கவில்லை.

"டொரின் ஸ்கூல். வென்?"

ஆலோசனையில் இருக்கிறது என்றார் வேட்பாளர்.

"பிள்ளை, ஆலோசனை எண்டால் எந்த மாசம் முடியும் எண்டு கேள்."

மலர் கேட்டாள், இம்முறையும் ஒரு சொல் குறையாமல். டொரின் பிஸ்கட் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

எங்கள் ஊரிலும் எத்தனையோ தேர்தல் கூட்டங்களில் நின்றிருக்கிறேன். தன் தெருவுக்கு விளக்கு, தன் வார்டுக்குத் தண்ணீர் என்று கேட்பவர்களையே பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்திராத ஊரின் பள்ளிக்கூடத்துக்காக ஒருவர் வாதாடி அன்றுதான் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடம் எழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கடை வாசலில் திரும்பிப் பார்த்தபோது, வேட்பாளர் நீட்டிய கையைக் கனகு அண்ணை இன்னும் விடவில்லை.