மால்டாவில் சாப்பிட்ட கறி

மால்டா தீவில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மதியம், துறைமுகத்துக்குப் பின்சந்தில் இருந்த சின்ன இந்திய ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். மாட்டுக்கறி வறுவல் கேட்டோம். முதல் வாயிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரவென்று இடித்துக் கறியில் போட்டிருந்தார்கள். அப்படிப் போடுகிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். என் அண்ணன்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, வேலை தேடி பம்பாய்க்குப் போவதாகச் சொல்லி எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறியவர். ஒரு தடவை போன் செய்தார். அப்புறம் தகவலே இல்லை.

சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன். திண்டுக்கல் பக்கத்து ஆள், கையைத் துடைத்தபடி வந்தார்.

“இதை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“கப்பல் கிச்சன்ல எனக்கு மூத்தவரு ஒருத்தரு இருந்தாரும்மா. கோலாரு ஆளு. எதுக்கெடுத்தாலும் இன்னா, இன்னாம்பாரு. ரூம் கதவைச் சாத்தவே விடமாட்டாரு. சாத்துனா மண்ணு சரியிற சத்தம் கேக்குதும்பாரு.”

பேரைக் கேட்டேன். அண்ணன் பேர்தான். சுரங்கத்தில் வேலை பார்த்தபோது ஒருமுறை பாறை சரிந்து அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டார்; மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

“என் அண்ணன்தான்” என்றேன். “இப்ப எங்க இருக்காரு?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு துறைமுகத்துல இறங்கினாரு, திரும்பி ஏறல. தேடிப் பாத்தோம். கப்பல் நிக்காதுல்லம்மா.”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். அதை விட்டுவிட்டு எழுந்துபோக மனம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணியிடம் சொன்னேன். சுரங்கத்தில் கொடுத்த அதே லைன் வீட்டில்தான் இன்னும் தனியாக இருக்கிறார். அழவில்லை. “சமைச்சிகினு இருந்தாராமா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டுதலுக்காக வாசிக்க அண்ணன் பேரைக் கொடுக்க, என்னையும் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார்.

“உயிரோட இருக்கறவங்களுக்கா, இறந்தவங்களுக்காம்மா?” என்று ஃபாதர் கேட்டார்.

“பேரை மட்டும் படிச்சிடுங்க ஃபாதர்” என்றார் அண்ணி.

ஞாயிறு பூசையில் அவர் அப்படியே படித்தார். பேர் காதில் விழுந்ததும் அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன்.