அவரை முன்வரிசைக்கு மாற்றிய கதை

தேனியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. மற்றவர்கள் ஒரு கல்யாணத்தை ஒரு முறை பார்ப்பார்கள். நான் அதையே வாரக்கணக்கில் பார்ப்பேன். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா யாரைத் தேடுகிறார், பந்தியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனவர் எந்தப் பக்கத்துச் சொந்தம், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். மனிதர்கள் வாயால் சொல்லாததைக் கையும் காலும் சொல்லிவிடுகின்றன. வீட்டிலும் இந்தப் பார்வை என்னை விடுவதில்லை. "இவ முன்னாடி ஒரு மனுசன் நிம்மதியாத் தும்ம முடியல" என்பார் என் கணவர்.

அவருக்குக் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் வேலை. விடியற்காலையில் லாரி வந்து நின்றதும், மேலே நிற்பவர் பூசணிக்காயைத் தூக்கிப் போடுவார். கீழே நிற்பவர் பிடித்து அடுத்தவருக்குப் போடுவார். அப்படியே கை மாறி உள்ளே போய்விடும். என் கணவர் அந்த வரிசையில் முதல் ஆள். அவர் கைக்கு வந்த காய் தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கையைப் பார்த்துத்தான் விளையாட்டு வாத்தியார் ஒருவர் வலையை விரித்தார். வெளிமாநிலத்தில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆடும் கால்பந்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பந்து நீள்வட்டமாக இருக்கும். மார்க்கெட் ஆட்கள் அதைப் பார்த்ததுமே பப்பாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. உதைத்து வருகிற பந்தை ஒருவன் தரையில் படாமல் பிடித்துவிட்டால், அதன்பின் யாரும் அவனைத் தொட முடியாது. அவன் ஆற அமர நின்று உதைக்கலாம். இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. "பிடிக்கிறதுதான் ஆட்டமே. நம்மாளுகளுக்கு ரத்தத்துல ஓடுது" என்று சார் சொல்லிவிட்டார். என் கணவருக்குக் கேட்கவா வேண்டும், தலைகால் புரியவில்லை.

முதல் ஆட்டம் தேவதானப்பட்டிக்காரர்களோடு. அங்கே இவர்களுக்கு முன்பே ஓர் அணி இருந்தது. தோப்புக்காரர்கள் வீட்டுப் பையன்கள், நல்ல ஓட்டக்காரர்கள். எங்கள் ஆட்கள் பிடித்தார்கள், பிடித்தார்கள், அப்படிப் பிடித்தார்கள். ஆனால் பிடித்த கையோடு பூசணியை எறிவது போலப் பந்தை அடுத்தவருக்கு எறிந்தார்கள். எறிந்த ஒவ்வொரு தடவையும் நடுவர் விசில் ஊதி, பந்தைப் பிடுங்கி எதிராளியிடம் கொடுத்தார். பழகின கை, எத்தனை விசில் கேட்டும் திருந்தவில்லை. மானம் போகத் தோற்றார்கள்.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. அந்த ஆட்டத்தில் என் கணவர் பின்வரிசையில் நின்றார். உயரமாக வந்த ஒரு பந்தைப் பிடிக்க, வானத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடினார். அவர் முதுகுப் பக்கமிருந்து அவர்கள் அணியின் நெட்டையன் ஒருவன், அவனும் அதே பந்தைக் குறிவைத்து ஓடி வந்தான். அவன் எகிறியபோது அவனுடைய முழங்கால் இவர் தலையில் மோதியது. அவன் மேல் தப்பில்லை, அவன் கண்ணும் பந்தில்தான் இருந்தது. இவர் விழுந்தார், எழுந்தார், சிரித்தார், மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, விளையாட்டுச் சட்டையை மறுபடி எடுத்து மாட்டினார்.

"எங்க கெளம்புறீக?" என்றேன்.

"மேட்ச் இருக்குல்ல. சார் காத்துக்கிட்டு இருப்பாக" என்றார்.

ஆடி முடித்துவிட்டு வந்த ஆட்டமே அவர் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றுமில்லை. சில வாரம் ஓய்வு எடுக்கச் சொன்ன டாக்டர், அதன்பின் ஆடலாம், ஆனால் தலையில் இன்னொரு அடி இதே மாதிரி விழக் கூடாது என்றார். என் கணவர் அதில் முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். நான் பின்பாதியை மட்டும்.

சில மாதம் கழித்து மறு ஆட்டம் என்று பேச்சு வந்ததும் வீட்டில் சண்டை. எனக்குக் கோபம் வந்தால் கொஞ்ச நஞ்சமாக வராது. போகக் கூடாது என்றேன். போவேன் என்றார். நீங்கள் போனால் நான் என் அம்மா வீட்டுக்குப் போவேன் என்றேன். பஸ் ஏற்றி விடவா என்றார். சில நாள் பேச்சுவார்த்தையே இல்லை. பிறகு அவரே ஒரு காரியமாக என்னிடம் வந்தார். முதல் ஆட்டத்தை முழுக்க என் போனில் எடுத்திருந்தேன். அதை எல்லோருக்கும் டிவியில் போட்டுக் காட்ட முடியுமா, சார் வியூகம் அமைக்க வேண்டுமாம்.

முடியாது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் பேச்சைத்தான் இந்த மனிதர் கேட்க மாட்டார். வாத்தியாரின் வியூகத்தைக் கேட்பார் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு நிறைய ஆள். அதற்குள் நான் அந்த வீடியோவை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். தரையில் சின்ன வெங்காயத்தை எங்கள் ஆட்களாகவும் பூண்டை அவர்களாகவும் பரப்பினேன். நெட்டையனுக்கு ஒரு முருங்கைக்காய். பையன்கள் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்காமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், அந்த நெட்டையன் கையப் பாருங்க" என்று படத்தை நிறுத்தினேன். "பந்து அவனுக்கு வரப்போகுதுன்னா, ஓடுறதுக்கு முன்னாடி வலது கைய டவுசர்ல தொடைக்கிறான். தொடைக்காம ஓடுனா சும்மா ஏமாத்துறதுக்கு ஓடுறான்."

பின்னால் தள்ளிக் காட்டினேன். துடைத்தான், பந்து வந்தது. இன்னோர் இடம், துடைக்கவில்லை, பந்து வேறு பக்கம் போனது. மறுபடி துடைத்தான், வந்தது. ஒரு பையன் மெதுவாக, "மதினி, நீங்க எங்க வீட்டுக் கல்யாண வீடியோவ எடிட் பண்ணப்ப என்னயும் இப்படித்தான் பாத்தீகளா?" என்றான். அவன் என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

அந்த மரியாதை ஆறுவதற்குள் அடுத்ததைச் சொன்னேன். நெட்டையனோடு போட்டி போட்டுப் பிடிக்கப் போனால் அவன்தான் ஜெயிப்பான். அதனால் பின்வரிசையில் யாரும் பிடிக்க வேண்டாம், முஷ்டியால் தட்டி விடுங்கள். கம்பங்களுக்கு ஊடே போனாலும் பரவாயில்லை. தற்காப்பு ஆளே தட்டி அனுப்பினால் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே புள்ளி, அவன் பிடித்து உதைத்தால் ஆறு.

"அப்படின்னா பிடிக்கிற ஆள எதுக்கு சார் பின்னாடி நிப்பாட்டணும்? முன்னாடி நிப்பாட்டுங்க" என்று ஒரு வெங்காயத்தை எடுத்து எதிர்முனைக்குக் கொண்டுபோய் வைத்தேன். "முன்னாடி இருக்கிறவரு பந்தப் பாத்து எதுக்க ஓடி வருவாரு. எதிராளி முதுகுக்குப் பின்னாடிதான் வரணும். முதுகுல தள்ளுனா நடுவர் விசில் ஊதி பந்த நமக்குக் குடுத்துருவாரு, லாபந்தான்."

சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டது, அங்கே நின்றால் அவர் வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓட வேண்டியதில்லை என்பது. சார் வெங்காயத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி சொல்றது சரியா இருக்கே" என்றார். என் கணவர் வெங்காயத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சரி என்று சாரிடம் தலையாட்டினார். எனக்கு அப்போதே பாதி உயிர் திரும்பி வந்தது.

எறிகிற பழக்கத்துக்கு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தை ஏந்துகிற கையின் முழங்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டார். எறிய நினைத்தாலும் கை வராது, குத்தித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் சாயங்காலம் இப்படியே பயிற்சி. ஒரு வாரத்தில் மார்க்கெட்டில் ஒரு பையன் கைக்கு வந்த காலிஃபிளவரை ஏந்தி ஒரு குத்து விட்டான். அது உதிர்ந்து தெருவெல்லாம் சிதறியது. மண்டி முதலாளி திட்டின திட்டு நாலு கடை தாண்டிக் கேட்டதாம். சாருக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம்.

மறு ஆட்டம் தேவதானப்பட்டியில். ஒரு பக்கம் மாந்தோப்பு, எதிரே மலை. நான் கோட்டுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விசில்கூட எறிந்ததற்காக ஊதப்படவில்லை. நெட்டையன் கையைத் துடைக்கும்போதெல்லாம் எங்கள் பையன்கள் இரண்டு பேர் அவனுக்கு முன்பே அந்த இடத்தில் நின்றார்கள். பாவம், பேய் அறைந்த மாதிரி தன் கையையே பார்த்தான். என் கணவர் முன்னால் ஓடி வந்து ஓடி வந்து பிடித்தார். நாங்கள் முந்திக்கொண்டிருந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தோப்புக்காரரிடம், கேட்காமலே, "அது எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பங்கில் அவர்கள் சமாளித்து ஏறி வந்தார்கள். புள்ளி சமமானது. அந்த நேரம் பார்த்து எங்கள் பின்வரிசைப் பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். மாற்று ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தான். சார் என் கணவரைப் பார்த்துக் கையை ஆட்டி, பின்னால் போகச் சொன்னார்.

நான் கோட்டோரமாக ஓடினேன். "சார், அவுக வேணாம் சார். அங்கன வேற யாரயாவது போடுங்க."

"வேற ஆளில்ல தங்கச்சி. கொஞ்ச நேரந்தான்" என்றார். அவர் கண் மைதானத்தை விட்டு நகரவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது வந்தது. அவர்கள் ஆள் ஒருவன் நடு மைதானத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து உயரத்தில் எழும்பி எங்கள் கம்பங்களை நோக்கி இறங்கியது. என் கணவர் அண்ணாந்து பார்த்தபடி பின்பக்கமாக ஓடினார். கம்பத்துப் பக்கமிருந்து நெட்டையன் பாய்ந்து வந்தான். நான் ஸ்டுடியோவில் பல தடவை பார்த்த அதே காட்சி, இந்த முறை நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. போன் கையிலிருந்து நழுவியது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், மூட முடியவில்லை.

இரண்டு கையும் விரிந்து மேலே போகும் என்று நினைத்தேன். ஒரு கைதான் போனது. உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, தோளைக் கொடுத்து, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முஷ்டியால் பந்தைத் தட்டினார். நெட்டையன் அவர் தோளில் உரசிக்கொண்டு போய் விழுந்தான். பந்து கம்பங்களுக்கு ஊடே தாண்டி உருண்டது. அவர்களுக்கு ஒரு புள்ளி. என் கணவர் குனிந்து, நெட்டையனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அதன்பின் பந்து எங்கள் பக்கம் வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

எங்கள் பையன்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அண்ணே, அதப் போயி விட்டுட்டீகளே. நீங்க பிடிக்காத பந்தா?" என்று ஒருவன் கேட்டேவிட்டான். சார் அவனை அடக்கினார். ஆனால் அவர் முகமும் சுண்டித்தான் இருந்தது. என் கணவர் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்று, இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அத்தனை பேர் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல பாட்டிலால் வாயை மறைத்துக்கொண்டேன்.

இருவரும் பைக்கில் திரும்பினோம். பெரியகுளம் நெருங்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்தப் பந்தப் பிடிச்சிருக்க முடியாதா?"

"பிடிச்சிருப்பேன். கைக்கு வந்த பந்து அது."

"பெறகு ஏன் பிடிக்கல? நான் தட்டச் சொன்னேன்னா?"

வேகத்தைக் குறைத்தார்.

"அன்னைக்கு நம்ம வீட்டுல எல்லாரும் டிவியில நெட்டையன் கையப் பாத்தாக. நான் உன்னயப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதையெதையோ நிறுத்தி நிறுத்திக் காட்டுன. நான் அடிபட்டு விழுற எடம் வந்தா மட்டும், ஒருக்காகூட நிறுத்தாமத் தாண்டித் தாண்டிப் போன" என்றார். "அத இன்னொரு தடவ உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

அவர் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தேனி வரும்வரை அழுதபடியே வந்தேன்.