மட்டாஞ்சேரியில் ஏறாத லோடு

எர்ணாகுளம் ஜெட்டியில் இரண்டரை ரூபாய் டிக்கெட் எடுத்துப் படகேறியபோது என் காலடியில் ஒரு கிரைண்டர் இருந்தது. மட்டாஞ்சேரி ராசாத்தி அக்கா கேட்டது. கோயமுத்தூரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் அதைக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்திருந்தேன். 2003 டிசம்பர் மாதம். காயல் அசையாமல் கிடந்தது.

இறங்கியதும் சண்டை. நீலச் சட்டைச் சுமைதூக்கிகள் இருவர் வந்து, கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றுவது தங்கள் வேலை என்றார்கள். அந்தக் கடைத்தெருவில் எந்த லோடானாலும் அவர்களுடைய சங்கத்தார் கைதான் படவேண்டுமாம். "என்னோட கிரைண்டர், என்னோட கை, உங்களுக்கு என்னங்க?" என்று எகிறினேன். கூட்டிப்போக வந்திருந்த அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "வாயை மூடு தம்பி. நம்ம ஆளுங்கதான், கேட்டோ!" கூலியைக் கொடுத்துத் தொலைத்தேன். வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே போனேன்.

ராசாத்தி அக்கா என் பெரியப்பா மகள். அறுபதைத் தாண்டியவள். அந்த பஜார் ரோட்டைத்தான் பணிக்காலம் முழுக்கப் பெருக்கினாள். பெரியப்பா பிழைக்க வந்த இடம் கொச்சி. சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. இரண்டாம் உலக யுத்தத்தில் டார்பிடோ பட்டுக் கப்பல் கொச்சிக்கு வெளியிலேயே மூழ்கியது. கரி அறையில் இருந்தவர்கள் ஒருவரும் மேலே வரவில்லை. அக்கா அப்போது கைக்குழந்தை.

வீட்டில் சாயா கொடுத்த கையோடு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கப்பல் கிடக்கும் இடம் வைப்பின் தீவு மீனவர்களுக்கு அத்துப்படி. வலை மாட்டும் என்று விலகிப் போவார்கள். அங்கே ஒரு காண்டிராக்டர் முக்குளிக்கும் ஆட்களை இறக்கிக் கப்பலை அறுக்கிறான். வைப்பின்காரர் சேவியர் சேட்டன் கண்ணால் பார்த்திருக்கிறார். அக்காவும் அவரும் போலீசுக்குப் போனார்கள். கடலடியில் கிடப்பதற்கெல்லாம் கேஸ் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப புரொப்பல்லரோட வெங்கல இலைதான் வருது. அடுத்த தடவை உள்ளே போவானுங்க தம்பி. அப்பா உள்ளேதான் கிடக்காரு." அழவில்லை. சாயா கிளாசை ணங்கென்று கீழே வைத்தாள்.

அறுத்தது கரையேறும் நாளென்று சேவியர் சொல்ல, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரோடு மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் போனோம். மிளகும் சுக்கும் மூக்கில் ஏறின. காண்டிராக்டரின் படகில் கப்பலின் புரொப்பல்லர், இலை இலையாக அறுக்கப்பட்டு, ஆளுயரத்துக்குக் கிடந்தது. கரையில் ஒரு லாரி. நம்பரைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. டி.என். 37, எங்கள் ஊர் வண்டி!

"ஏனுங்ண்ணா, என்ன லோடு?" என்று டிரைவர் பழனிசாமியைக் கேட்டேன்.

"வெங்கலமுங்க. நம்மூரு பவுண்டரிக்கு. உருக்கித்தான் ஊத்துவாங்க."

அட பாவமே, பெரியப்பாவின் கப்பல் பம்புசெட் உதிரியாகி எங்கள் ஊருக்கே வரப்போகிறது! நான் காண்டிராக்டரிடம் சட்டம் பேசினேன். அவன் என்னை ஈயைப் போல விரட்டினான்.

அக்கா அவனிடம் போகவே இல்லை. நேராகச் சுமைதூக்கிகளின் தலைவர், எல்லாரும் 'இக்கா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஹம்சாக்காவின் முன்னால் போய் நின்றாள். "ஹம்சாக்கா, இது என் அப்பன் செத்த கப்பலு. அவரு இன்னும் அதிலேதான் கிடக்காரு. அவருக்குக் குழி அதுதான். நீங்க தூக்கிக் கொடுத்தா மிச்சத்தையும் அறுப்பான்."

ஹம்சாக்கா தோள் துண்டை எடுத்து உதறினார். படகுக்குள் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒரே சத்தம்: "எடுக்கண்டா!"

தூக்க வேண்டாம் என்றதும் கயிறுகள் விழுந்தன. காண்டிராக்டர் இரட்டைக் கூலி என்றான், மூன்று மடங்கு என்றான். பிறகு சொந்த ஆட்களை விட்டுத் தூக்குவேன் என்றான். நீலச் சட்டைகள் எல்லாம் சேர்ந்து சிரித்ததே ஒரு சிரிப்பு! இந்தத் தெருவில் வேறு கை லோடைத் தொடுமா? நேற்று ஒரு கிரைண்டரையே தொட விடவில்லையே! எந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்தேனோ அதையே அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

தெருவில் எல்லா லோடு வேலையும் நின்றது. மிளகு லாரிகள் தெருமுனை தாண்டி வரிசை கட்டின. வியாபாரிகள் கத்தினார்கள். கடலடிக்கு வராத போலீஸ் டிராபிக்குக்கு ஓடி வந்தது. பின்னாலேயே துறைமுக அதிகாரி ஒருவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கப்பலை அறுக்க யார் அனுமதி கொடுத்தது?" காண்டிராக்டரிடம் ஒரு காகிதம்கூட இல்லை. படகும் வெங்கலமும் அங்கேயே பறிமுதல். அந்த இடத்தில் இனி எந்தப் படகு நின்றாலும் உடனே தனக்குச் சொல்லும்படி சேவியரிடம் அதிகாரி கேட்டுக்கொண்டார். "வைப்பின் மொத்தமும் காவல் இருக்கும் சாரே," என்றார் சேவியர்.

அக்கா படகில் இறங்கி வெங்கலத்தில் கையை வைத்தாள். பிறகு காண்டிராக்டரிடம் கேட்டாள்: "உன் அப்பன் குழியில நான் கம்பி அறுத்தா விடுவியாடா?" நான் விசிலடித்தேன், ஐம்பது வயதில்! ஹம்சாக்கா எல்லாருக்கும் சாயா சொன்னார்.

மாலையில் ரயிலுக்குப் போகவில்லை. பழனிசாமியின் லாரியிலேயே ஏறிக்கொண்டேன். வாடகை போச்சு என்று அவர் தேவரா தாண்டும்வரை புலம்பினார். கதை முழுவதையும் கேட்டபின், திருச்சூரில் என் சாப்பாட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். பாரமில்லாத வண்டி பள்ளந்தோறும் தூக்கிப் போட்டது. இடுப்பு கழன்றது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாளையார் செக்போஸ்ட்டில் காவலர் டார்ச் அடித்தார். "கொச்சியிலிருந்து என்னய்யா லோடு?"

பழனிசாமி வாயைத் திறப்பதற்குள் நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்: "ஒண்ணுமே இல்லீங்க சார்! நல்லாப் பாத்துக்குங்க, ஒண்ணுமே இல்லை!"