சாதுவான பிள்ளை

சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர் மருத்துவக் கல்லூரியை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, என் கணவர் எந்தத் துறையில் நிபுணர் ஆவது என்பதே வீட்டில் பேச்சு. சண்டை தொடங்கியபோது அவர் மூன்றாம் ஆண்டு மாணவர். கல்லூரி மூடிய பிறகு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் வேலை பார்த்தார். மறுபடி சேர வேண்டுமானால் முதலில் ஜப்பானிய எழுத்துப் படிக்க வேண்டும். அதை அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நிபுணர் ஆவதை ஆரம்பித்துவிட்டோம்.

அவருக்கு இருதயம் பிடிக்கும். நான் கண் என்றேன். பிறகு, கை தவறினால் என்ன ஆகும் என்று பயந்து, தோல் என்றேன். தோல்நோய் தொற்றுமே என்று அதையும் விட்டேன். கடைசியில் குழந்தை மருத்துவம் என்று முடிவாயிற்று. வீட்டிலேயே ஒரு குழந்தை இருக்கிறது, பார்த்துப் பழகலாம்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். பிறந்த புதிதில் வீறிட்டு அழுதவள், போகப் போகக் குரல் கம்மி, பிறகு வாயை மட்டும் திறந்து அழுதாள்.

"அப்பா படிக்கணும்னு புரிஞ்சிருக்கு பாரு, டாக்டர் மக லா!" என்றாள் பக்கத்து அறைக்காரி. எனக்கும் பெருமைதான். பாடப்புத்தகத்தை மடியில் வைத்து நான் கேள்வி கேட்பேன். அவர் குழந்தை நோய்களை வரிசையாக ஒப்பிப்பார்.

ஒரு மாலை, அவருடன் வேலை செய்த மூத்த டிரெசர் வீட்டுக்கு வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ள அழுவுதே, சத்தம் எங்க?"

"அவ எப்பவும் அப்படித்தாண்ணே. சாது."

"சாதுவா? மூச்சு எப்படி வாங்குது பாரு. நீ என்ன சாப்பிடுற?"

பத்தியம் என்றேன். மற்றவர்கள் மரவள்ளிக்கிழங்கும் பயறும் கீரையும் தின்றார்கள். பங்கீட்டில் வந்த வெள்ளை அரிசியை மாமியார் எனக்கென்றே ஒதுக்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். பயறு வாயு, கீரை குளிர்ச்சி, பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆகாது. வேறு காலமாக இருந்தால் பத்தியத்தை ஒரு மாதத்தில் விட்டிருப்போம். போர்க்காலம் என்பதால் கூடுதல் கவனமாக இருந்தோம்.

"நல்ல கவனம்! இது பெரிபெரி. வெறும் வெள்ளைச் சோறு தின்னா பால்ல சத்து ஏது? தவிட்டத் தின்னு, பயறத் தின்னு. புள்ளைக்குத் தவிட்டத் தண்ணில ஊறவச்சு, வடிகட்டிக் கொடு. இப்பவே."

என் கணவர் எழுந்து நின்றார். பெரிபெரியை அன்று காலைதான் பிழையில்லாமல் ஒப்பித்திருந்தார். குரல் அடைப்பது அதில் இரண்டாவது அறிகுறி.

கீழ்த்தளத்தில் கோழி வளர்த்த சீனக் குடும்பத்திடம் தவிடு வாங்கி வந்தார்.

"கோழித் தீனியையா மருமகளுக்குப் போடுறது? பாக்குறவங்க என்ன பேசுவாங்க?" என்று மாமியார் அழுதார்.

நான் தின்றேன். ஊறவைத்த தண்ணீரைப் பிள்ளைக்கும் புகட்டினேன். டிரெசர் சொன்னது தப்பாக இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் தின்றேன்.

மூன்றாம் நாள் ஒரு கீச்சுக்குரல் வந்தது. ஐந்தாம் நாள் மாடியே அதிர்ந்தது. பக்கத்து அறைக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இப்ப ரொம்பக் கத்துறாளே அண்ணே, இது சரிதானா?"

"கத்தட்டும்மா. வீட்டுக்குப் போ," என்று சிரித்தார் டிரெசர்.

திரும்பி வந்தபோது என் கணவர் குழந்தை நோய்ப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எலும்பு வைத்தியத்துக்கே போயிடுறேன்," என்றார். "அது சத்தம் போடலைன்னா யாரும் சாகப்போறதில்ல."